பூங்காச் சருகை லாரியில் ஏற்றாதீர்கள்

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் நகர்ப் பூங்காவைக் குடியிருப்போர் சங்கமே பராமரிக்கிறது. ஏறக்குறைய ஒரு ஏக்கர். தூங்குமூஞ்சி, புங்கம், நாட்டு வாதுமை மரங்கள் நிறைய. சருகு, தண்ணீர் பாட்டில், பிறந்தநாள் விழாத் தட்டு எல்லாம் ஒன்றாகக் கலந்து வண்டியில் ஏறிக் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. போன வருடம் உரக்குழி வெட்டினோம். ஐப்பசி மழையில் நிரம்பி நாறியது, அக்கம்பக்கத்தில் சண்டையே வந்துவிட்டது. குழியை மூடிவிடலாமா? வண்ணத் தொட்டிகள் வாங்கி வைத்தால் போதுமா?

பதில்: குழியைத் தாராளமாக மூடிவிடுங்கள். உரம் போடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

டெல்டாவின் களிமண்ணில் மழைக்காலத்தில் தண்ணீர் வடிய வழி கிடையாது. நிலத்தடி நீரும் மேலேறி நிற்கும். குழியில் நீர் நின்றால் காற்று போகாது. காற்று போகாத இடத்தில் சருகு மட்காது, அழுகும். நீங்கள் முகர்ந்த அந்த அழுகல் முட்டை நாற்றம் அதனால் வந்ததுதான். கூடவே மீத்தேனும் வரும். குப்பைக் கிடங்கின் அடியிலும் நடப்பது இதுவே. அங்கே பிளாஸ்டிக்கும் கலந்துகிடக்க, கசியும் சாறு நிலத்தடி நீரில் இறங்குகிறது. நம் ஊர்களில் கைப்பம்பு அடித்தால் வருவது அந்த நீர்தான் என்பதை மறக்கக் கூடாது.

தொட்டி வாங்கும் முன் ஒரு வாரம் குப்பையை வகை பிரித்து எடை போட்டுப் பாருங்கள். மரங்கள் அடர்ந்த பூங்காவில் பெரும்பகுதி சருகாகத்தான் இருக்கும். அதைப் பூங்காவிலிருந்து வெளியே அனுப்பாமல் இருந்தாலே வண்டியின் சுமை வெகுவாகக் குறைந்துவிடும். மூன்று நிறத் தொட்டி வைத்து, மாலையில் மூன்றையும் ஒரே வண்டியில் கொட்டுவதை எத்தனையோ ஊர்களில் பார்க்கிறோம். அதைவிட ஒரே ஒரு சருகுக் குவியல் மேல்.

இதற்கு நம் பருவமே ஒத்துழைக்கிறது. மாசி, பங்குனியில் மரங்கள் இலை கொட்டும். மழை ஐப்பசி, கார்த்திகையில். இடையில் ஏழெட்டு மாதம் கிடைக்கிறது. மாசியில் குவியல் போட்டால் ஆடி, ஆவணிக்குள் உரம் தயார். மழைக்கு முன்பே மரங்களுக்குப் போட்டுவிடலாம்.

குவியலை நிலத்துக்கு மேலே எழுப்புங்கள். செங்கல் துண்டு, தென்னை மட்டை போட்டு ஓர் அடி மேடாக்குங்கள். அதன்மேல் கோழி வலையாலோ மூங்கில் தட்டியாலோ நான்கடி அகலம், நான்கடி உயரத்தில் வட்டக் கூண்டு. மூன்றடிக்குக் குறைந்தால் உள்ளே சூடு நிற்காது. மூன்று கூண்டு இருந்தால் வசதி: ஒன்று நிரம்பும், ஒன்று மட்கும், ஒன்றிலிருந்து உரம் எடுக்கலாம். விளையாடும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். சருகுக்குள் பூரானோ பாம்போ ஒதுங்கலாம், ஆகவே கிளறுபவர் வெறுங்கையை விடாமல் கவைக்கம்பால் கிளறட்டும். கையுறையும் காலணியும் சங்கம் வாங்கித் தர வேண்டும், அது பணியாளர் தலையில் விழக் கூடாது.

காய்ந்த சருகில் கரிமம் (கார்பன்) மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. முப்பது பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து என்ற அளவை ஒட்டி வந்தால்தான் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும். எனவே பத்துக் கூடை சருகுக்கு இரண்டு கூடை வெட்டிய பச்சைப் புல், ஒரு கூடை சாணம் என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். சாணத்தைக் கரைத்துத் தெளிப்பது இன்னும் நல்லது. புங்க இலை சீக்கிரம் மட்கும். வாதுமை இலைதான் தோல் மாதிரி கிடக்கும். அதை மிதித்தோ நறுக்கியோ போடுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் ஆனாலும் முழு இலையாகவே வரும்.

கோடையில் பிரச்சினை நாற்றம் இல்லை, வறட்சி. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒன்றும் வராவிட்டால் தண்ணீர் தெளியுங்கள். ஒழுகினால் காய்ந்த சருகு சேருங்கள். இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். தொட முடியாமல் சுட்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் பெரும்பாலான களை விதையும் நோய்க்கிருமியும் செத்துவிடும். சூடு தணிந்ததும் கிளறி, வெளிப்புறத்தில் இருப்பதை உள்ளே தள்ளுங்கள். மழை வந்தால் மேலே இரண்டு கீற்று போதும். தார்ப்பாயால் இறுக்கி மூடினால் பழைய நாற்றம் திரும்பி வரும்.

எல்லாச் சருகையும் குவியலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் இல்லை. மரத்தடியில் மூன்று அங்குலம் மூடாக்காகப் பரப்பி, அடிமரத்தைச் சுற்றி அரை அடி விட்டுவிடுங்கள். சித்திரை வெயிலில் மண் வெடிக்காது, தண்ணீர்ச் செலவும் குறையும். யாராவது சருகைக் கொளுத்தினால் தடுத்துவிடுங்கள். பொது இடத்தில் குப்பை எரிக்கத் திடக்கழிவு விதிகள் 2016-லேயே தடை போட்டுவிட்டன.

குவியலில் சேரக் கூடாதவை சில உண்டு. நாய்க் கழிவு வேண்டாம். எண்ணெய்ப் பலகாரமும் தயிர்சாதமும் எலியைக் கூப்பிடும். பேப்பர் கப்பின் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அது மட்காது. வாழை நாரில் கட்டிய கதம்பம் அப்படியே போகலாம், நைலான் நூலில் கட்டிய மாலையை அவிழ்த்துத்தான் போட வேண்டும். வாழை இலை தாராளமாகப் போகலாம், நறுக்கிப் போட்டால் சரி.

அப்புறம் பாட்டில். வாய் திறந்த தொட்டியில் எல்லாம் விழும். கம்பி வலைக் கூண்டு செய்து, பாட்டில் மட்டும் நுழையும் அளவில் ஓட்டை விடுங்கள். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிவதால் மற்றவர்களும் பாட்டிலையே போடுவார்கள். காயலான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். அந்தப் பணம் பூங்காவைப் பெருக்கும் பெண்களுக்கே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிப்ஸ் உறையைக் கடைக்காரர் வாங்க மாட்டார். அதைத் தனிச் சாக்கில் கட்டி மாநகராட்சியிடம் கொடுங்கள். மறுசுழற்சிக்கு ஆகாத இந்த வகையை அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலைகளில் எரிபொருளாக்க முடியும், ஆனால் ஈரமும் மண்ணும் கலக்காமல் இருக்க வேண்டும்.

விழாக்களுக்கு அனுமதி கொடுக்கும்போதே நிபந்தனை போடுங்கள். பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், தெர்மாகோல் தட்டு எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டவை. நீங்கள் புதிதாகச் சட்டம் போடவில்லை. முன்பணம் வாங்கி, இடம் சுத்தமாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். சுண்டல் வண்டிக்காரரிடம் தொன்னைக்கு மாறச் சொல்வதோடு நிற்காமல், முதல் மாதம் தொன்னையைச் சங்கமே வாங்கிக் கொடுத்தால் அவர் மறுக்க மாட்டார். ஆடிப்பெருக்குக்குக் கலந்த சாதம் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருவார்கள். அன்று மட்டும் வாசலில் ஒருவர் நின்று, வாழை இலை எங்கே, பாட்டில் எங்கே என்று காட்டினால் நல்லது.

உரம் கறுத்து, மண்வாசனை வந்ததும் சலியுங்கள். சல்லடையில் தங்கியதை அடுத்த குவியலில் போட்டால் அது உறைமோர் வேலை செய்யும். முதல் ஆண்டு உரத்தை விற்க நினைக்காதீர்கள். கண்ணாடித் துண்டு, பிளாஸ்டிக் துணுக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொண்டு, பூங்கா மரங்களுக்கே போடுங்கள். துணுக்கு வருவது நின்ற பிறகு, வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கலாம். முதலில் நாற்றத்துக்குச் சண்டை போட்ட வீடுகளுக்கே கொடுங்கள்.