சொந்தமாக எழுதிப் பாடியவர்கள்: எந்த ஆல்பம், எப்படிக் கேட்பது? (கேள்வி பதில்)

கேள்வி: ஆங்கில பாப்பில் தனிப்பாட்டுகள் நிறையக் கேட்டிருக்கிறேன். முழு ஆல்பமாக ஒன்றுகூடக் கேட்டதில்லை. எதில் தொடங்கட்டும்?

பதில்: கரோல் கிங்கின் 'டேபஸ்ட்ரி', 1971. மொத்தம் 12 பாட்டு, முக்கால் மணி நேரம். அதற்கு முன் பத்தாண்டுக்கு மேல் மற்றவர்கள் பாடுவதற்கு மெட்டமைத்துக் கொடுத்தவர் அவர். அதனால் முதல் தடவையே மெட்டு மனதில் ஒட்டிக்கொள்ளும். பியானோவும் குரலும்தான் முன்னால் நிற்கும், மற்றவை அடங்கி ஒலிக்கும்.

ஒன்பதாவது பாட்டு 'வில் யூ லவ் மீ டுமாரோ'வில் கொஞ்சம் நில்லுங்கள். மெட்டு கரோல் கிங், வரிகள் ஜெரி காஃபின். 1960இல் ஷிரெல்ஸ் என்ற பெண்கள் குழு இதைத் துள்ளலாகப் பாடியிருக்கிறது. அதையே இங்கே வேகத்தை நன்றாகக் குறைத்துப் பாடுகிறார். அங்கே இளம்பெண்ணின் தயக்கமாக இருந்த கேள்வி, இங்கே விடை தெரிந்தவள் கேட்பதாக மாறிவிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இசையமைத்தவரே பாடும்போது என்ன கூடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

கேள்வி: ஜோனி மிட்செலின் 'புளூ'வை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். மூன்று தடவை கேட்டும் எனக்கு ஒட்டவில்லை. குரல் கீச்சென்று காதைக் குத்துகிறது.

பதில்: முதலில் ஈக்வலைசரைப் (ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) பாருங்கள். ட்ரெபிளை, அதாவது உயர்ந்த ஒலியை, ஏற்றி வைத்திருந்தால் இந்த ஆல்பம் குத்தத்தான் செய்யும். அதைச் சமநிலைக்குக் கொண்டுவந்து, ஒலியளவையும் இரண்டு படி குறையுங்கள்.

அடுத்தது, கேட்கும் வழி. பல்லவி திரும்பத் திரும்ப வந்து நம்மைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் பாட்டுகள் இதில் குறைவு. சொல் நீண்டால் மெட்டும் கூடவே நீளும், சில வரிகள் தாளத்தைத் தாண்டி வழியும். அதனால் மெட்டைத் தேடாமல் கருவியைப் பிடித்துக்கொண்டு போங்கள். இருக்கும் 10 பாட்டில் நான்கு பியானோவில், நான்கு டல்சிமர் என்ற மடியில் வைத்து மீட்டும் கருவியில், இரண்டு கிடாரில் அமைந்தவை. பியானோ நான்கும் (2, 5, 8, 10) கனமானவை. டல்சிமர் பாட்டுகளில் 1, 4, 6 மூன்றும் ஊர் சுற்றும் மனநிலை. 9ஆவதில் மட்டும் அதே கருவி காதலின் வலியைச் சொல்லும். முதலில் 8ஆவதான 'ரிவர்', பிறகு 9ஆவதான 'எ கேஸ் ஆஃப் யூ'. இந்த இரண்டும் பழகிய பிறகு ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் ஒரு வருஷம் விட்டுவிடுங்கள், தவறே இல்லை.

கேள்வி: செயலியில் ஆல்பம் போட்டால் பாட்டுக்குப் பாட்டு ஒலி ஏறி இறங்குகிறது, ஒன்றின் முடிவில் அடுத்தது வந்து ஏறிக்கொள்கிறது.

பதில்: மூன்று அமைப்புகளைச் சரிபாருங்கள். பாட்டு வரிசையைக் கலைக்கும் ஷஃபிள் அணைந்திருக்க வேண்டும். கிராஸ்ஃபேட் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். ஒரு பாட்டை அடுத்ததன் மேல் ஏற்றுவது அதுதான். கேப்லெஸ் என்பது இயக்கத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் தொடர்ந்து ஓடும் பாட்டுகளுக்கு நடுவே ஒரு வெட்டு விழும்.

ஒலியைச் சமப்படுத்தும் நார்மலைசேஷனில் 'டிராக்', 'ஆல்பம்' என்று தேர்வு இருந்தால் ஆல்பத்தையே வையுங்கள். டிராக்கில் வைத்தால் மெல்லிய பாட்டும் முழங்கும் பாட்டும் ஒரே அளவுக்கு வந்துவிடும். தாழ்த்திப் பாடியதைத் தாழ்த்தித்தான் கேட்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க ஏற்றது கேட் புஷ்ஷின் 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' (1985). இசைத்தட்டின் முதல் பக்கத்தில் ஐந்து பாட்டு, எல்லாம் தனித்தனி. இரண்டாம் பக்கத்தின் ஏழும் 'தி நைன்த் வேவ்' என்ற ஒரே தொடர்: கடலில் தனியாக மிதக்கும் ஒரு பெண் விடியும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். 6 முதல் 12 வரை ஒரே மூச்சில் கேட்காதவர் இந்த ஆல்பத்தைக் கேட்டதாகவே நான் கணக்கில் வைக்கமாட்டேன்.

கேள்வி: ஒரே ஆல்பத்துக்கு டீலக்ஸ் (கூடுதல் பாட்டோடு), ரீமாஸ்டர் (ஒலியைப் புதுப்பித்து) என்று நான்கைந்து பதிப்பு. எதை எடுப்பது?

பதில்: முதல் முறைக்கு, அன்று வந்த பாட்டு எண்ணிக்கையோடு இருப்பதை. பிளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்' (1977) 11 பாட்டு. முதல் பக்கம் 'சாங்பேர்ட்' என்ற, பியானோவோடு தனிக்குரலில் போகும் அமைதியான பாட்டோடு முடியும். வட்டைத் திருப்பினால் 'தி செயின்'. அந்த அமைதிக்குப் பிறகு அது இறங்குவதில்தான் அடியே இருக்கிறது. நீளம் கருதி அன்று கழற்றப்பட்ட 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' அருமையான பாட்டு. ஆனால் பிற்காலப் பதிப்பு ஒன்றில் அதை இந்த இரண்டுக்கும் நடுவில் செருகியிருக்கிறார்கள், தொடுப்பே அறுந்துபோகிறது. அதைத் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: பீச் பாய்ஸ் 'பெட் சவுண்ட்ஸ்', மோனோவா ஸ்டீரியோவா?

பதில்: மோனோ, அதாவது இடம் வலம் என்று பிரிக்காமல் எல்லா ஒலியும் ஒன்றாக வருவது. 1966இல் பிரையன் வில்சன் முடித்துக் கொடுத்தது அதுதான். அவருக்கு வலது காது ஏறக்குறைய கேட்காமல் இருந்தது. ஸ்டீரியோ கலவை 1997இல்தான் வெளியானது. பின்குரல்களைப் பிரித்துக் கேட்க அது உதவும், இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' முழுக்க இரைச்சல். என் ஹெட்ஃபோனில் கோளாறா?

பதில்: இல்லை. 1982இல் வீட்டில் ஒரு டாஸ்காம் 4 டிராக் (நான்கு தடத்தில் பதியும்) கேசட் கருவி, இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக், இவ்வளவுதான். குழுவுக்குக் கற்றுக்கொடுக்கப் பதிந்த மாதிரி ஒலிநாடா அது. பிறகு முழுக் குழுவோடு வாசித்துப் பார்த்தார்கள், கேசட்டில் இருந்த தனிமை அதில் வரவில்லை. அதனால் கேசட்டையே ஆல்பமாக்கினார்கள். வட்டில் வெட்டும்போது தொல்லை கொடுத்ததால் ஒலியளவைத் தாழ்த்தித்தான் வெட்ட முடிந்தது. நீங்கள் ட்ரெபிளைக் குறைத்து இரைச்சலை அடக்கப் பார்த்தால் ஹார்மோனிகாவின் விளிம்பும் கூடவே போய்விடும். அப்படியே விடுங்கள்.

கேள்வி: வரிகள் காதில் பிடிபடவில்லை. படித்துக்கொண்டே கேட்கலாமா?

பதில்: முதல் முறை வேண்டாம், கண் முன்னால் ஓடிவிடும், காது பின்தங்கிவிடும். இரண்டாம் முறை படியுங்கள், மூன்றாம் முறை மூடிவிடுங்கள். உச்சரிப்பு தெளிவாக வேண்டுமென்றால் டிரேசி சாப்மனின் முதல் ஆல்பம் (1988). அதில் நான்காவது பாட்டு 'பிஹைண்ட் தி வால்' கருவியே இல்லாமல் வெறும் குரல். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அடிவாங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பவரின் பாட்டு அது. ஒரு சொல்கூடத் தவறாது.

கேள்வி: டெய்லர் ஸ்விஃப்ட்டை இந்த வரிசையில் சேர்ப்பீர்களா?

பதில்: தயங்காமல். 'ஃபோக்லோர்' (2020). 2, 8, 14 ஆகிய மூன்று பாட்டும் ஒரே காதல் கதையை மூன்று பேர் வாயால் சொல்பவை. அவற்றை மட்டும் முதலில் சேர்த்துக் கேட்டுவிட்டு முழுதாகப் போங்கள்; 63 நிமிடம், அதனால் இரண்டு பகுதியாகக்கூடக் கேட்கலாம்.

கேள்வி: பேஸ் கிடார் பிரியனுக்கு?

பதில்: பால் சைமனின் 'கிரேஸ்லேண்ட்' (1986). பகிதி குமாலோவின் ஃப்ரெட்லெஸ் (கழுத்தில் குறுக்குக் கம்பிகளான ஃப்ரெட் இல்லாத) பேஸ். 'யூ கேன் கால் மீ அல்' பாட்டில் வரும் அந்தக் குட்டி பேஸ் தனியின் இரண்டாம் பாதி, முதல் பாதியின் நாடாவைத் திருப்பி ஓட்டியது.

கேள்வி: நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' கிடாரில் வாசிக்க முயல்கிறேன். கார்டு சரி, ஒலி மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: வழக்கமான சுருதியில் வராது. 1972இல் வந்த இந்த ஆல்பம் இரண்டே இரவுகளில் குரலும் கிடாருமாகப் பதிவானது. தலைப்புப் பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ. 11 பாட்டும் 28 நிமிடத்தில் முடிந்துவிடும். தலைப்புப் பாட்டுக்குச் சுருதி, தடித்த தந்தியிலிருந்து: சி, ஜி, சி, எஃப், சி, ஈ. கேப்போ (எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) இரண்டாம் ஃப்ரெட்டில். அதாவது 6ஆம் தந்தியை நான்கு அரைச்சுரம் இறக்குங்கள், 5, 4, 3 மூன்றையும் இரண்டிரண்டு அரைச்சுரம். 2ஆம் தந்தியை ஒரே ஒரு அரைச்சுரம் ஏற்றுங்கள், 1ஐத் தொட வேண்டாம்.

இங்கே இரண்டு சிக்கல் வரும். நான்கு தந்தி தளர்ந்ததும் கழுத்தின் இழுவிசை குறைந்து மற்றவை தானாகக் கொஞ்சம் ஏறிவிடும், ஆகவே முழுச் சுற்றையும் இரண்டு முறை சுருதி சேர்க்க வேண்டும். 6ஆம் தந்தி மெல்லிய செட்டாக இருந்தால் தொளதொளத்து ஃப்ரெட்டில் அடிக்கும்; 12 அல்லது 13 கேஜ் (தடிமன்) செட் போடுங்கள், கட்டைவிரலை மெதுவாக வையுங்கள். கேப்போ மாட்டிய பிறகு இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு வாசியுங்கள்.