சாப்பாட்டுப் புத்தகங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். அம்மாவுக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. அவருக்காகத்தான் ஊட்டச்சத்து பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் படித்த புத்தகம் கறி, முட்டை, பால் எல்லாவற்றையும் விடச் சொன்னது. அடுத்த புத்தகம் தானியத்தை விட்டுவிட்டுக் கறியும் கொழுப்பும் சாப்பிடச் சொன்னது. இரண்டிலும் ஆராய்ச்சி இருக்கிறது, குணமானவர்களின் கதை இருக்கிறது. மூன்றாவதாகத் தோழி ஒருத்தி கொடுத்த புத்தகம் மாத்திரையே விஷம் என்கிறது. அதைக் கேட்டதிலிருந்து அம்மா, "கேவுருக்கு மாறிட்டா மாத்திரைய நிறுத்திடலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். உணவு, முழுமையான உடல்நலம், அதோடு வாழ்க்கையைப் பற்றிய ஒரு பார்வை, மூன்றையும் சேர்த்துக் கற்றுக்கொள்ள எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம்?

க., குடியாத்தம்

அன்புள்ள க.,

முதலில் அம்மாவின் கேள்வி. மாத்திரையை நிறுத்த வேண்டாம். கேழ்வரகு நல்ல தானியம்தான், ஆனால் 100 கிராம் கேழ்வரகில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து. அரிசியிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பெரிய களி உருண்டை இரண்டு போட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும், கூழாகக் குடித்தால் இன்னும் சீக்கிரம் ஏறும். சிறிய உருண்டை ஒன்று, அதைவிட அதிகமாகக் கீரைக் கடைசல், கூடவே மொச்சைக்கொட்டைக் குழம்பு என்று தட்டை மாற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு மருத்துவரிடம் போங்கள். மாத்திரையைக் குறைக்கலாம் என்றால் அதை அவர் சொல்லட்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. 34 வயதில் ஓர் இயற்கை உணவுப் புத்தகத்தைப் படித்துவிட்டுக் கறி, முட்டை, பால், மோர் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டேன். மூன்று வருஷம் அப்படியே இருந்தேன். பி12 என்ற சத்து செடிகொடி உணவில் கிடைக்காதே என்று ஒரு நண்பர் கேட்டபோது, என்னிடம் பதில் தயாராக இருந்தது. நம் சிறுகுடலில் வாழும் பாக்டீரியாக்களே பி12 தயாரிக்கும் என்று நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் 1980ல் 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதியிருக்கிறார்கள் என்றேன். அந்த ஆய்வு உண்மை. ஆனால் ஒரு மனிதனுக்கு ஆயுள் முழுவதும் அது போதும் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தப் பாதியை நானே சேர்த்துக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் லாங் பஜாரில் நடந்து போகும்போது காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் பத்தடி போயிருக்கிறேன். பாதம் மரத்துப் போயிருந்தது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதுதான். பி12 குறைந்து நரம்பு பாதித்திருந்தது. ஊசி போட்டுக் குணமாக எட்டு மாதம் ஆயிற்று. இன்றும் இடது கால் விரல் நுனியில் கொஞ்சம் மரப்பு இருக்கிறது.

அந்த எட்டு மாதத்தில்தான் காந்தியை மறுபடி படித்தேன். உடல்நலம் பற்றி முதலில் எழுதிய நூலில் பால் வேண்டாம் என்று வாதாடியவர் அவர். பிறகு கடும் நோயில் விழுந்து, ஆட்டுப்பாலில் தேறினார். 'சத்திய சோதனை'யில் அதை மறைக்காமல் எழுதுகிறார். என் நூலை நம்பிப் பாலை விட்டவர்கள், அது எல்லா விதத்திலும் நன்மை தருகிறது என்று கண்டால் ஒழிய, அல்லது அனுபவமுள்ள மருத்துவர் சொன்னால் ஒழிய, அந்தச் சோதனையைத் தொடர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். தன் வாசகனைத் தன் புத்தகத்திடமிருந்தே காப்பாற்ற நினைக்கிற எழுத்தாளர்கள் குறைவு. 1942ல் ஆகா கான் மாளிகைச் சிறையில் இருந்தபோது அதே விஷயத்தைப் புதிதாக எழுதினார். 'ஆரோக்கியத் திறவுகோல்' என்று தமிழில் இருக்கிறது. ஒரு மாலையில் படித்துவிடலாம். காற்று, நீர், உணவு, உடம்பு எதற்காக இருக்கிறது என்பது வரை எல்லாம் ஒரே மூச்சில் வரும். நீங்கள் கேட்ட மூன்றும் ஒன்றாக இருக்கிற சின்னப் புத்தகம் அதுதான். அதிலிருந்தே தொடங்குங்கள். எல்லாவற்றிலும் நான் அவரோடு ஒத்துப்போகிறவன் இல்லை. அவருடைய மண்கட்டு வைத்தியத்தை எல்லா நோய்க்கும் நம்ப மாட்டேன். ஆனால் எழுதியவரின் உடம்பே அந்தப் பக்கங்களில் இருக்கிறது.

சரி, ஒன்றுக்கொன்று எதிராகப் பேசும் உங்கள் இரண்டு புத்தகங்களுக்கு வருவோம். இந்தச் சண்டை பழையது. வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1930களில் சுவிட்சர்லாந்து மலைக்கிராமங்களிலிருந்து அலாஸ்கா வரை சுற்றினார். பாலும் மீனும் கறியும் கொழுப்பும் உண்டவர்களிடம் சொத்தைப் பல் மிகக் குறைவாக இருந்ததைக் கண்டு 1939ல் எழுதினார். அமெரிக்க ஊட்டச்சத்து ஆராய்ச்சியாளர் காலின் கேம்பெல் 1980களில் சீனாவின் 65 மாவட்டங்களில் நடந்த பெரிய கணக்கெடுப்பை வைத்து, செடிகொடி உணவே நல்லது என்று 2005ல் எழுதினார். கொழுப்பை ஆதரிப்பவர்கள் முன்னதைப் பிடித்துக்கொள்கிறார்கள், தாவர உணவுக்காரர்கள் பின்னதை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேறொன்று கண்ணில் படும். நன்றாக இருந்தவர்கள் என்று இருவரும் காட்டுகிற மனிதர்கள் நாள் முழுக்க உடம்பால் உழைத்தவர்கள். அவர்கள் வீட்டில் மைதாவும் வெள்ளைச் சர்க்கரையும் அதிகம் நுழையவில்லை. அந்த உணவை மட்டும் எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற குடியாத்தத்து ஆசிரியையின் தட்டில் வைத்தால் அதே பலன் வரும் என்று எப்படிச் சொல்வது?

அதனால் எந்த உணவு நூலைத் திறந்தாலும் எந்த ஊர், யார், எந்தக் காலம் என்ற மூன்றையும் கேளுங்கள். குறளில் மருந்து அதிகாரத்தில் இது இருக்கிறது. "உற்றான் அளவும் பிணியளவும் காலமும் கற்றான் கருதிச் செயல்." அந்த அதிகாரத்தில் 'அற்றால் அளவறிந்து உண்க' என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இந்தக் குறள்தான் பெரிதாகத் தெரிகிறது. நோயைப் பார்ப்பதற்கு முன் நோயாளியின் அளவைப் பார் என்று தொடங்குகிறது.

நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பசுமைப் புரட்சி பற்றி வட ஆற்காட்டுக் கிராமங்களில் நடந்த ஆய்வுகள் உலகம் முழுக்கப் படிக்கப்பட்டவை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பி. எச். ஃபார்மர் குழு 1970களில் வந்து பார்த்தபோது, புது நெல் ரகங்கள் எதிர்பார்த்த அளவு பரவவில்லை என்று எழுதியது. பத்து வருஷம் கழித்து அதே வட்டாரத்தைப் பார்த்த ஆய்வாளர்கள் ஹேசலும் ராமசாமியும், புது நெல் எங்கும் பரவிவிட்டது, சிறு விவசாயியும் கூலிக்காரரும்கூடப் பலன் பெற்றிருக்கிறார்கள் என்று 1991ல் எழுதினார்கள். இரண்டும் நேர்மையான புத்தகங்கள்தான், பார்த்த வருஷம்தான் வேறு. ஊட்டச்சத்துப் புத்தகம் என்று இவற்றை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் உங்கள் பாட்டி காலத்துக் களி ஏன் சோறாக மாறியது என்று தெரிய வேண்டுமானால், கிணற்றுக்கு மின்மோட்டார் வந்து நெல் பரவிய கதையைப் படித்தே ஆகவேண்டும். தினமும் நெல்லுச் சோறு என்பது அன்று பலருக்குக் கனவு. அது கிடைத்தபோது அவர்கள் சந்தோஷப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். பழையதெல்லாம் அமுதம், புதியதெல்லாம் நஞ்சு என்று எழுதுகிறவர்கள் அந்தச் சந்தோஷத்தைக் கண்டதில்லை.

நீங்கள் கணக்கு ஆசிரியை. ஆகவே அடுத்தது எண்களின் புத்தகம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிடும் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணை. அந்த நிறுவனம் 1918ல் குன்னூரில் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஒரே அறையில் தொடங்கியது. தீட்டிய பச்சரிசியை மட்டும் நம்பி வாழ்ந்தவர்களுக்கு வந்த நோய் அது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டுப் பக்கத்துச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால் புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்கள் தப்பினார்கள். மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளைக் கொடுத்து வளர்த்தும் பார்த்தார். சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகள் முதலிடம், மதராஸ் உணவில் வளர்ந்தவை கடைசி. படிக்கும்போது எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் அந்த மதராஸ் உணவு என்பது தீட்டிய அரிசியை நம்பிய உணவு, வட ஆற்காட்டு மேட்டு நிலக்காரரின் களியும் கீரையும் அதில் இல்லை. இங்கேயும் எந்த ஊர், யார் என்ற கேள்விதான்.

கோபாலனும் மற்றவர்களும் 1971ல் கொண்டுவந்த அட்டவணை என்னிடம் கிழிந்துபோய் இருக்கிறது. 2017ல் வந்த புதியதில் 528 உணவுகள். பழையதில் 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் கால்சியம், தீட்டிய அரிசியில் 10. இந்த ஒரு வரியைப் பார்த்த பிறகு விளம்பரத்தில் வரும் சத்து மாவு டப்பா எனக்குத் தேவைப்படவில்லை. உங்கள் வீட்டில் ஒரு வாரம் சாப்பிட்டதை நோட்டில் எழுதி, அட்டவணையோடு வைத்துக் கணக்குப் போடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் அவரவர் வீட்டுக்குப் போட வையுங்கள்.

அட்டவணை சொல்வது உணவில் இருப்பதை. உடம்பில் சேர்வது வேறு கணக்கு. 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற குடல்நோய் கொள்ளைநோய் போலப் பரவியது. வயிற்றுப்போக்கு நிற்காது, சாப்பிட்டது குடலில் உறிஞ்சப்படாது, ஆள் உருகிப் போவார். சி.எம்.சி.யின் பேக்கரும் மாதனும் கிராமம் கிராமமாகப் போய் அதை ஆராய்ந்தார்கள். தட்டில் சோறு இருந்தும் சத்து சேராதவர்களின் கதை அது. முழுமையான உடல்நலம் என்ற சொல்லை நான் அங்கிருந்துதான் புரிந்துகொள்கிறேன். மாத்திரையை எதிர்ப்பதற்கு வைத்த பெயர் இல்லை அது. குடல், தண்ணீர், கூலி, நிலம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்ப்பது.

நீங்கள் கேட்ட 'பார்வை'க்கு என் பதில் புறநானூற்றின் 18ஆம் பாட்டு. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் "உணவெனப் படுவது நிலத்தொடு நீரே" என்கிறார். சொல்லிவிட்டு ராஜாவை ஏரி வெட்டச் சொல்கிறார். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நின்று அந்தப் பாட்டை ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். திரும்பும் வழியெல்லாம் பாலாற்றின் மணல். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் ஆலைக் கழிவு கிணற்றுக்குள் இறங்கியதும், அது உச்ச நீதிமன்றம் வரை போய் 1996ல் தீர்ப்பு வந்ததும் உங்களுக்குத் தெரியும். கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை அந்தத் தீர்ப்பு இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. அந்தக் கிணற்று நீரில் விளைந்த கீரையில் இரும்புச் சத்து எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் பேசுகிற புத்தகம் எனக்குப் போதவில்லை.

இந்த வரிசையில் ஜப்பானிய இயற்கை விவசாயி ஃபுகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விவசாய நூல் என்று நினைத்து எடுப்பவர்கள் அதில் உணவு பற்றிய பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தந்தப் பருவத்தில் பக்கத்தில் விளைவதைச் சாப்பிடு என்பதுதான் சாரம். நமக்கு அது இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய், ஜவ்வாது மலைச் சாமை. ஆங்கிலம் சிரமமில்லை என்றால் கே. டி. அச்சயாவின் இந்திய உணவு வரலாறும் படியுங்கள். மிளகாயும் தக்காளியும் வேர்க்கடலையும் கடல் தாண்டி வந்தவை என்று அதில் விரிவாக இருக்கிறது. ஆரணி, போளூர்ப் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்கிறோமே, அதற்குள் மணிலா ஊர் ஒளிந்திருக்கிறது. நம் மண்ணின் பாரம்பரிய உணவு என்று யாராவது சத்தமாகப் பேசும்போது எனக்கு மல்லாட்டை ஞாபகம் வரும். வந்தது, இந்த மேட்டு மண்ணுக்குப் பொருந்தியது, நம்முடையதாகிவிட்டது.

தோழி கொடுத்த மூன்றாவது புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முதல் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஓரத்தில் பென்சிலால் ஊர், ஆள், வருஷம் குறித்தபடி மறுபடி படியுங்கள். 'ஆரோக்கியத் திறவுகோல்' என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது, முகவரி அனுப்பினால் ஒன்றைத் தபாலில் போடுகிறேன். அம்மாவுக்கு எழுத்து சிறிதாகத் தெரிந்தால் நீங்கள் படித்துக் காட்டுங்கள். ஒரு வார நோட்டு முடிந்ததும் எனக்கும் எழுதுங்கள்.