மதிப்பெண் கூடினாலும் "அதிர்ஷ்டம்" என்கிறான்

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகன், கணக்கில் மதிப்பெண் குறைந்தால் "ஆசிரியருக்கு என்னைப் பிடிக்காது" என்கிறான், கூடினால் "அதிர்ஷ்டம்" என்கிறான். வீட்டுப்பாடம் செய்வதில்லை, வகுப்பிலும் சேட்டை செய்வதாகப் புகார் வருகிறது. இது சோம்பல்தானா?

பதில்: சோம்பல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மதிப்பெண் கூடியபோதும் அதில் தனக்குப் பங்கிருப்பதாக அவன் நினைக்கவில்லை என்பதே எனக்குக் கவலை தருகிறது. நடப்பவற்றுக்குத் தன் செயல் காரணமா, வெளிச்சக்திகள் காரணமா என்பது பற்றி ஒருவர் கொண்டிருக்கும் இந்த நம்பிக்கையை அளக்க, ஜூலியன் ராட்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966இல் ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார். முயற்சிக்குப் பலனில்லை என்று நம்பும் பிள்ளை வீட்டுப்பாடத்தை ஒதுக்குவது அவன் நோக்கில் நியாயமே. சேட்டைக்கோ வகுப்பு உடனே சிரிக்கிறது, அந்தப் பலன் அவன் கையில் இருக்கிறது.

எளிய கணக்குகளைக் கொடுத்துத் தொடர்ந்து வெற்றிபெற வைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றலாம். தோல்வி கண்டால் துவண்டுபோகும் சிறுவர்களிடம் உளவியலாளர் கேரல் டுவெக் 1975இல் இதைச் சோதித்தார். வெற்றியை மட்டுமே பெற்றுவந்தவர்கள் அடுத்த தோல்வியில் மறுபடி துவண்டனர். இடையிடையே தோற்று, அதற்கு முயற்சிக் குறைவே காரணம் என்று பார்க்கப் பழகியவர்கள் தாக்குப்பிடித்தனர். ஆனால், உண்மையிலேயே உழைத்துத் தோற்ற பிள்ளையிடம் "இன்னும் முயற்சி செய்" என்றால், தனக்குத் திறமையே இல்லை என்று அவன் முடிவுசெய்யக்கூடும். ஆகவே பேச்சை அவன் கையாளும் வழிமுறையின் பக்கம் திருப்புங்கள்.

திருத்திய விடைத்தாளை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். தவறான ஒவ்வொரு விடையின் அருகிலும் காரணத்தை அவனே பென்சிலால் எழுதட்டும். அடைப்புக்குறிக்கு முன் கழித்தல் குறி இருக்கும்போது, உள்ளே உள்ள இரண்டாவது உறுப்பின் குறியை மாற்ற மறப்பதே பல இடங்களில் காரணமாக இருந்தால், அடுத்த தேர்வு வரை அந்த ஒன்றை மட்டும் பயிற்சி செய்யச் சொல்லுங்கள். அந்தத் தேர்வு முடிந்ததும் மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, அந்தத் தவறு குறைந்ததா என்று மட்டும் அவனையே எண்ணச் சொல்லுங்கள். தன் செயலுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பை அவன் கண்ணாலேயே பார்ப்பான். எந்த அறிவுரையாலும் அது வராது. எப்போது, எந்த வரிசையில் படிப்பது என்பதையும் அவன் முடிவுக்கே விடுங்கள்.

ஆசிரியர் பற்றிய அவன் பேச்சைச் சாக்கு என்று தள்ளாமல், பள்ளியில் நேரில் விசாரியுங்கள். அநியாயம் நடந்திருந்தால், அதைச் சரிசெய்யும் பொறுப்பு பெரியவர்களுடையது. முறையாகப் பயின்றும் சில வாரங்களில் மாற்றம் தெரியாவிட்டால், கண் பார்வையையும் கற்றல் குறைபாடு உள்ளதா என்பதையும் பரிசோதித்துவிடுங்கள்.