தண்ணீரை நிறுத்தாதீர்கள், சகோதரி

ஒன்றரை வயதுப் பையனுக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு, தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகும் என்று மாமியார் தடுப்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேர்ந்தால், வயிற்றுப்போக்கின்போதும் குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். 1971இல் மேற்கு வங்க எல்லையில் வங்கதேச அகதிகள் காலராவால் மடிந்தபோது, டாக்டர் திலீப் மகாலானபிஸ் இந்தக் கரைசலைத்தான் குடிக்கவைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. ஊட்டியவர்களில் பலர் நோயாளிகளின் சொந்தக்காரர்களே. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

இந்த உப்பு-சர்க்கரைக் கலவைப் பொடிதான் ஓஆர்எஸ். அந்தப் பாக்கெட்டை முழுதாக, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலந்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடியும். அப்புறம், கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.