கட்டை மாறும்போது: சிந்தசைசர் கேள்வி பதில்

திருவிழாக் காலம் நெருங்கிவிட்டால், காரைக்குடி வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான்: சிந்தசைசரின் சீக்வென்சரில் பதிந்து வைத்த ஸ்வர வரிசையை வேறு சுருதிக்கு மாற்றுவது எப்படி? இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

தேவகோட்டையிலிருந்து ஒரு பாடகி: அண்ணா, ஒன்றரைக் கட்டையில் பதிந்த பாட்டு, எனக்கு ஐந்தரையில் வேண்டும். நான்கு கட்டை வித்தியாசம், ஆகவே எட்டு அரைக்கட்டை என்று டிரான்ஸ்போஸில், அதாவது சுருதி மாற்றும் வசதியில், +8 வைத்தேன். சேரவே இல்லை.

கட்டையைக் கழித்தல் கணக்காகப் போடக் கூடாது, அம்மா. முழு எண் என்றால் வெள்ளைக் கட்டை, அரை என்றால் அதையடுத்த கறுப்பு; ஓர் அரைக்கட்டை என்பது பக்கத்துக் கட்டைக்கு ஒரு தாவல். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறுப்புக் கட்டை கிடையாது. மூன்றரை என்று ஒரு சுருதியே இல்லை. விரல் வைத்து எண்ணுங்கள்: இரண்டு, இரண்டரை, மூன்று, நான்கு, நான்கரை, ஐந்து, ஐந்தரை. ஏழுதான். +7 வையுங்கள்.

−5 வைத்தாலும் அதே ஐந்தரைதான், ஒரு ஸ்தாயி கீழே. எது நல்லது என்பதை டிராக்குக்கு டிராக் முடிவு செய்ய வேண்டும். ஏறக்குறைய 69 ஹெர்ட்ஸில் இருக்கும் பேஸ் ஸ்வரம் −5இல் 52 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கோயில் வாசலில் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் அது காதிலேயே விழாது. பேஸை +7இல் ஏற்றுங்கள். புல்லாங்குழலும் வயலினும் ஏற்றினால் கீச்சிடும். அவற்றை −5இல் இறக்குங்கள்.

பள்ளத்தூர்: சுருதியை இரண்டு ஏற்றியதும் தாளம் குழம்பிவிட்டது. ஏன்?

கருவிகள் ஸ்வரங்களைப் பரிமாறிக்கொள்ளும் முறையான மிடியில் ஒவ்வொரு ஸ்வரமும் 0 முதல் 127 வரை ஓர் எண். பொதுவான டிரம் அமைப்பில் 36 கிக், 38 ஸ்னேர். எல்லாவற்றுடனும் இரண்டைக் கூட்டினால் கிக் அடிக்க வேண்டிய இடத்தில் ஸ்னேர் அடிக்கும். பத்தாம் சேனலில் இருக்கும் டிரம்ஸைப் பல கருவிகள் தாமாகவே விட்டுவிடும். நீங்கள் தபேலா, டோலக் ஒலிகளை வேறு சேனலில் வைத்திருப்பீர்கள்; அது தாளம் என்று கருவிக்கு எப்படித் தெரியும்? அந்த டிராக்கை நீங்கள்தான் விலக்க வேண்டும்.

கோட்டையூர் கல்லூரி மாணவர்: என் கருவியில் அரைக்கட்டைக் கணக்கில் நகர்த்தலாம், ஸ்கேல் படியாகவும் நகர்த்தலாம். மோகனத்தில் பதிந்த வரிசைக்கு எது சரி, ஐயா?

நல்ல கேள்வி. ஒரு கட்டையில் மோகனம் என்றால் ஸ ரி க ப த. அதை இரண்டு அரைக்கட்டை ஏற்றி, தம்பூரா டிராக்கை ஒரு கட்டையிலேயே விட்டுவிட்டால், பிரதி மத்யமமும் காகலி நிஷாதமும் உள்ளே நுழைந்துவிடும். தம்பூராவையும் இரண்டு ஏற்றுங்கள்; இரண்டு கட்டையில் அதே மோகனம் கேட்கும். பாடகருக்காகச் சுருதி மாற்றுவதென்றால் இந்த வழிதான்.

ஸ்கேல் படியில் ஒன்று ஏற்றினால் கதையே வேறு. ஸ ரி ஆகும், ரி க ஆகும், க ப ஆகும். புது ஸ்வரம் ஏதும் வராது. இப்போது தம்பூராவை ரிஷபத்துக்கு மாற்றிப் பாருங்கள், மத்யமாவதி கேட்கும்! கிரகபேதம் என்று நம் வித்வான்கள் செய்து காட்டுவது இதைத்தான். ஆனால் கருவியில் மேஜர் பென்டடானிக் ஸ்கேலைத் தேர்ந்திருக்க வேண்டும். வெறும் மேஜர் என்று விட்டால் அது சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களில் நகர்த்தும். மத்யமமும் நிஷாதமும் வந்து மோகனம் கெட்டுவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. கமகத்தைப் பிட்ச் பெண்டில் (ஸ்வரத்தை வளைத்து இழுக்கும் சக்கரத்தில்) பதிந்திருந்தால், ஸ்வர எண் நகரும், பெண்டின் அளவு நகராது. ரியிலிருந்து கவுக்கு இழுத்தது இரண்டு அரைக்கட்டை. ஒரு படி ஏறியதும் கவிலிருந்து பவுக்குப் போக மூன்று வேண்டும். இழுப்பு அரைக்கட்டை குறைந்து நடுவில் தொங்கும். அந்த இடங்களைக் கையால் திருத்துவதைத் தவிர வழியில்லை.

கானாடுகாத்தான்: வளவில் கல்யாணம். நாகஸ்வரத்தோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். எந்த டிரான்ஸ்போஸும் ஒத்துவரவில்லை.

டிரான்ஸ்போஸ் அரைக்கட்டை அரைக்கட்டையாகத்தான் தாவும். நாகஸ்வரத்தின் சுருதி மரத்திலும் சீவாளியிலும் இருக்கிறது. உங்களுக்காக அது நகராது, நீங்கள்தான் நகர வேண்டும். வித்வானிடம் ஸட்ஜத்தை நீளமாக ஊதச் சொல்லி, முதலில் கிட்டத்தட்ட டிரான்ஸ்போஸ் வைத்து, மிச்சத்தை மாஸ்டர் டியூனில் (கருவி முழுவதன் சுருதியையும் நுணுக்கமாக நகர்த்தும் அமைப்பில்) சரிசெய்யுங்கள். அதில் 440 ஹெர்ட்ஸை 446 ஆக்கினால் ஓர் அரைக்கட்டையில் ஏறத்தாழ கால்பங்கு ஏறும்.

புதுவயல்: பாட்டு ஓடும்போதே மாற்றினேன். ஒரு ஸ்வரம் நிற்காமல் கத்திக்கொண்டே இருந்தது.

60ஐ ஒலிக்கச் சொன்ன பிறகு இரண்டு ஏற்றினீர்கள். அடுத்து வந்த "நிறுத்து" 62க்குப் போய்விட்டது. 60ஐ நிறுத்த ஆளில்லை. சில கருவிகள் இதைத் தாமே கவனித்துக்கொள்ளும், உங்களுடையது கவனிக்கவில்லை. பல்லவி முடிந்து எல்லா டிராக்கும் மூச்சுவிடும் இடத்தில் மாற்றுங்கள். அப்படியும் ஒட்டிக்கொண்டால் எல்லா ஒலியையும் நிறுத்தும் பேனிக் பொத்தான், அது இல்லையென்றால் எல்லா ஸ்வரங்களையும் நிறுத்தச் சொல்லும் மிடி கன்ட்ரோலர் 123.

கண்டனூர்: சுருதி மாற்றிச் சேமித்தேன். அணைத்துப் போட்டால் பழைய சுருதிக்கே வந்துவிடுகிறது.

நீங்கள் மாற்றியது கருவியின் பொது டிரான்ஸ்போஸ், பாட்டை அல்ல. சீக்வென்சரின் எடிட் பகுதிக்குள் போய் டிராக்கை மாற்றி, வேறு பெயரில் சேமியுங்கள். மூலப் பதிவின் மேல் எழுதிவிடாதீர்கள். அடுத்த வாரம் வேறு பாடகர் வருவார்.