பாட்டில் பாலை நிறுத்த: உங்கள் கேள்விக்கு

பதின்மூன்று மாதக் குழந்தை, நாளைக்கு ஐந்து பாட்டில் பால், டம்ளரைக் காட்டினால் தட்டிவிடுகிறாள், பாட்டில் வாயில் இருந்தால்தான் தூக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். "சாப்பாடும் சரியாக இறங்குவதில்லை" என்று கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வயிறு முழுக்கப் பால் இருந்தால் பசி எப்படி வரும்? இந்த வயதில் நாளைக்கு அரை லிட்டர் அளவே தாராளம். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதையே குடித்து வயிற்றை நிரப்பினால் ரத்தசோகை வரலாம்.

முதலில் மதியப் பாட்டிலை நிறுத்துங்கள், அந்த நேரத்தில்தான் பிடிவாதம் குறைவாக இருக்கும். அந்தப் பாலைச் சாப்பாட்டோடு டம்ளரில் கொடுங்கள். இரண்டு வாய் அளவு மட்டும் ஊற்றுங்கள், நிறைய இருந்தால் முகத்தில் கொட்டிப் பயந்துவிடுவாள். ஸ்ட்ரா இன்னும் சுலபம்: பாலில் முக்கி, மேல் நுனியை விரலால் அடைத்து, அவள் வாயில் வைத்து விரலை எடுங்கள். சொட்டுகள் நாக்கில் விழும், அப்புறம் தானே உறிஞ்சப் பார்ப்பாள்.

ராத்திரிப் பாட்டில் கடைசி. பால் பல்லில் தங்கியபடி தூங்கினால் பல் சொத்தையாகும். அதனால் பாலை முன்னதாகவே டம்ளரில் கொடுத்து, பல் துலக்கி, அப்புறம் படுக்க வையுங்கள். சில ராத்திரி அழுவாள்தான். தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், பாட்டிலை மட்டும் கொடுக்காதீர்கள். வீட்டில் வேறு யாராவது மனம் இளகி ரகசியமாகக் கொடுத்துவிடுவார்கள், அவர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்!

வெளிறித் தெரிந்தாலோ எடை ஏறாவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.