இலங்கைக் கிரிக்கெட் சுழற்பந்து வீச்சாளர் முரளிதரனின் ‘தூஸ்ரா’ என்றால் என்ன?

ஆஃப் ஸ்பின் பந்து வலது கை பேட்ஸ்மேனை நோக்கி உள்ளே திரும்பும். அதே வீச்சில் வந்து வெளியே திரும்பினால் அது தூஸ்ரா. இந்தியில் ‘மற்றொன்று’ என்று பொருள். மணிக்கட்டை முறுக்கி, புறங்கை பேட்ஸ்மேனைப் பார்க்கும்படி விடுவதால் சுழற்சி மாறிவிடுகிறது. கோத்தகிரி மலைப்பாதையில், மூடுபனிக்குள் இடப்பக்க வளைவு என்று நம்பி ஸ்டியரிங்கை ஒடிக்கிறோம், சாலையோ வலப்பக்கம் போகிறது. பேட்ஸ்மேன் நிலை அதுதான்.

கண்டியில் பிறந்த முரளி 133 டெஸ்டில் 800 விக்கெட் எடுத்தார். அந்த 800வது, 2010இல் இலங்கையின் காலி நகரில், அவர் டெஸ்டில் வீசிய கடைசிப் பந்தில்! (கண்டிப் பக்கத் தோட்டங்களிலிருந்து நீலகிரிக்குத் திரும்பிய குடும்பங்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் டீ ஆறிவிடும்.)

அப்புறம், அவர் பந்தை ‘எறிந்தார்’ என்பவர்களுக்கு: அவர் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது, வளைந்த கை தவறல்ல, வீசும்போது அது 15 பாகைக்கு மேல் நீள்வதுதான் தவறு.